மாட்டு வியாபாரியின் இலவசச் சீட்டு

மொன்றியலுக்குப் போகும் யாழ்ப்பாணத்தார் பெட்டியில் மிளகாய்த்தூள் கொண்டு போவார்கள், ஒடியல் மா கொண்டு போவார்கள். நான் கைப்பையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1873இல் கொடுத்த ஒரு தீர்ப்பைக் கொண்டு போனேன். விமான நிலையத்தில் சீருடை அணிந்த பெண், "அறிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது ஒரு கணம் யோசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவளுக்குப் படிவம் என்று வந்தால் பொய் வராது. "மிளகாய்த்தூள்" என்றேன். அதுவும் பெட்டியில் இருந்தது.

வெளியே என் தங்கை சரசுவும் அவள் மகள் மிதுலாவும் நின்றார்கள். சரசு வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. இடது கையால் என் தோளைப் பிடித்து முத்தமிட்டாள்.

"கையைக் காட்டு" என்றேன்.

"முதல் வீட்டுக்கு வாங்கோ அக்கா. குளிருது."

ஏப்ரல் மாதம். எங்கள் ஊரில் தார் உருகும் காலம். இங்கே தெருவோரத்தில் கரித்துணி நிறத்தில் பனி குவிந்து கிடந்தது. ரொக்ஸ்பரோவிலுள்ள வீடு வரை மிதுலா தெருக் குழிகளை விலத்தி விலத்திக் கார் ஓட்டினாள். யாழ்ப்பாணத்து வீதிகளைப் பற்றி இத்தனை வருடம் முறைப்பாடு செய்த இந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

கையை இரவுச் சாப்பாட்டில் பார்த்தேன். புட்டு அவிக்க மிதுலாதான் மா குழைத்தாள். சரசு பக்கத்தில் நின்று, "தண்ணியைத் தெளி, ஊத்தாதை" என்று இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் அவளுக்கு மட்டும் கரண்டி. வலது கையின் மூன்று விரல்கள் உள்நோக்கி வளைந்து, தோல் மெழுகு வழிந்ததுபோல் இறுகியிருந்தது. புட்டு மண்வெட்டியால் வெட்டும் பதத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். நடேசு என்பவர் எங்கள் ஊர்க்காரர். தமிழர்களை பஸ்ஸில் ஏற்றிச் சுற்றுலா கூட்டிப்போகிறவர். ஆறு வருடமாக அவருடைய பயணங்களில் சரசு சமைத்து வந்தாள். ஊதியம் இல்லை, அவளுக்கு பஸ்ஸில் இருக்கை இலவசம். கடந்த ஒக்ரோபரில் நிறம் மாறிய இலைகளைப் பார்க்க நாற்பது பேர் போனார்கள். இலை பார்க்கப் போனாலும் எங்கள் ஆட்களுக்குப் பகல் ஒரு மணிக்குச் சோறு வேண்டும். ஒரு பூங்காவில் அடுப்பு மூட்டிக் கத்தரிக்காய் பொரித்தாள். நடேசு கொண்டுவந்த எரிவாயு அடுப்புக்கு ஒரு கால் இல்லை. மரத்துண்டு முட்டுக்கொடுத்திருந்தது. முந்தைய பயணத்திலேயே அவள் சொல்லியிருந்தாள். அடுத்தமுறை மாற்றுவோம் என்றிருந்தார். அந்த அடுத்தமுறையில் மரத்துண்டு சரிந்து, கொதி எண்ணெய்த் தாச்சி அவள் கைமேல் கவிழ்ந்தது.

ஆஸ்பத்திரியில் உயிரையும் கையையும் காப்பாற்றிவிட்டார்கள். விரல் மடங்கி நிமிர, கிழமைக்கு இரண்டு தரமாவது மாதக்கணக்கில் பயிற்சி சிகிச்சை வேண்டும். அரச பட்டியலில் காத்திருந்தால் விரல் காத்திருக்காது. இப்படியே இறுகிவிடும் என்று வைத்தியர் சொன்னாராம். தனியார் சிகிச்சைச் செலவுக்குப் பொறுப்பேற்க நடேசுவிடம் மிதுலா கேட்டாள். அவர் ஒரு கடதாசியைக் காட்டினார். "இலவசமாக வருபவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் வருகிறார்கள்." கீழே சரசுவின் கையெழுத்து. அப்போது நன்றாயிருந்த வலது கையால் போட்டது.

அதை மிதுலா தொலைபேசியில் வாசித்த இரவே எனக்கு அந்த மாட்டு வியாபாரி ஞாபகம் வந்துவிட்டார். எங்கள் நீதிமன்றப் பதிவறையில் கறையான் தின்று மிஞ்சிய ஒரு தடித்த புத்தகத்தில் அவரைச் சந்தித்திருக்கிறேன். ரயிலில் மாடு ஏற்றுகிறவர். மாட்டைப் பார்த்துக்கொள்ள அவரும் அதே ரயிலில் போக வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அதற்கு இலவசச் சீட்டு. சீட்டோடு ஒரு கடதாசி: என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல. கையெழுத்துப் போடாவிட்டால் மாட்டுக்குக் கட்டணம் மூன்று மடங்கு. போட்டார். விபத்தில் காயப்பட்டார். இலவசமாக வந்தவர்தானே என்றது கம்பெனி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் இலவசமாக வரவில்லை, மாட்டோடு வந்தார், அந்தச் சீட்டு பேரத்தின் ஒரு பகுதி, தன் ஆட்களின் கவனக்குறைவைக் கடதாசியால் மூட ரயில் கம்பெனிக்கு உரிமை இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

மாட்டுக்குப் பதில் கத்தரிக்காய். மற்றதெல்லாம் ஒன்றே. விசாவுக்கு விண்ணப்பித்தேன்.

புதன்கிழமை மதியத்துக்குப் பின் சரசுவை இழுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் புறப்பட்டேன். ரொக்ஸ்பரோவிலிருந்து நகரத்துக்குப் போகும் புதிய ரயிலில் ஓட்டுநர் இல்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கை கிடைத்ததும் சரசு பெருமையோடு என்னைப் பார்த்தாள். ஏதாவது நடந்தால் முதலாம் எதிராளியாக யாரைப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பயணம் இலவசமாம். நான் தாண்டியவள், ஆனால் ஊர்க்காரி அல்ல. சரசு ஊர்க்காரி, ஆனால் தாண்டவில்லை. இருவரும் ரிக்கற் வாங்கினோம்.

பிறகு மெற்றோவில் செம்மஞ்சள் பாதை. நான்காவது நிலையமோ என்னவோ இறங்க வேண்டும். ஏறியதும் நான் தீர்ப்பை வெளியே எடுத்தேன்.

"உதை உள்ளை வையுங்கோ அக்கா. ஆக்கள் பாக்கினம்."

"பார்க்கட்டும். நீ சும்மா போகேல்லை, வேலை செய்யப் போனனி. அதை நீ உன்ரை வாயால சொல்லோணும்."

"நான் வேலைக்குப் போகேல்லை. உதவிக்குப் போனன்."

"நாற்பது பேருக்குச் சமைக்கிறது உதவியோ?"

"மாஸ்ரற்றை மனிசி சமையல்காரி எண்டு கோட்டிலை எழுதச் சொல்லுறியளோ? மிதுலாவுக்கு நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசுறதில்லையோ?"

மாஸ்ரர் என்பது அவளுடைய காலமான கணவர். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். இங்கே வந்து பதினெட்டு வருடம் துறைமுகத்துப் பண்டகசாலையில் பெட்டி ஏற்றினார். ஆனாலும் செத்தவீட்டு நோட்டீசு வரை அவர் மாஸ்ரர்தான். மொன்றியல் தமிழரிடையே இது எழுதாத சட்டம். ஒருவரை இங்கே செய்யும் வேலையைச் சொல்லி அழைப்பதில்லை, விட்டு வந்த வேலையைச் சொல்லித்தான் அழைப்பார்கள். சரசு தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் ஊசி ஓட்டினாள். அவளை ஒருநாளும் தையல்காரி என்று எவரும் சொன்னதில்லை. மாஸ்ரற்றை மனிசி.

இதை விவாதித்து முடித்து நிமிர்ந்தபோது பெட்டியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கி பிரெஞ்சில் ஏதோ சொன்னது. "கடைசி நிலையம்" என்றாள் சரசு. தீவைத் தாண்டி, ஆற்றுக்குக் கீழால் போய், லவால் என்ற வேறொரு நகரத்தில் இருந்தோம்.

லவாலுக்கு வேறு கட்டணம். எங்கள் ரிக்கற் மொன்றியலோடு முடிகிறது. செல்லுபடியாகாத சீட்டோடு பயணம் என்பது ஒரு குற்றம். எத்தனையோ பேருக்கு நான் அழைப்பாணை தட்டச்சு செய்திருக்கிறேன். மேடையில் நின்ற சீருடைக்காரனிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். சரசு மொழிபெயர்த்தாள். எத்தனை சொற்களை விட்டுவிட்டு மொழிபெயர்த்தாள் என்று தெரியாது.

அவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்தைக் காட்டினான்.

"என்னவாம்?"

"அம்மா, வெளியாலை போகேல்லை எண்டால் நீங்கள் இஞ்சை வரவே இல்லை. அந்த ரயிலிலை ஏறுங்கோ எண்டுறான்."

சட்டப்படி அது சரியா என்று கேட்கத் திரும்பினேன். சரசு இடது கையால் என் கோட்டைப் பிடித்து இழுத்து ரயிலில் ஏற்றிவிட்டாள். நீதிமன்ற வாசலை அடைந்தபோது கவுண்டரின் தகடு இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்த பெண் மணிக்கூட்டைக் காட்டினாள். அதே தகட்டை அதே முகத்தோடு நானும் இறக்கியவள்.

அருகிலிருந்த கடையில் பூட்டீன் சாப்பிட்டோம். பொரித்த உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாகத் தட்டில் போட்டு, அதன்மேல் சுடுகுழம்பை ஊற்றி அந்த மொறுமொறுப்பைக் கொன்று, வெண்ணிறப் பாலாடைக்கட்டிகளைத் தூவித் தருகிறார்கள். கட்டி பல்லில் படும்போது கீச்சென்று கத்துகிறது. இது நல்லதற்கு அடையாளமாம். முள்ளுக்கரண்டி பிடிக்க முடியாமல் சரசு இரண்டு துண்டை இடது கையால் எடுத்துத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்தாள். "முந்தி இவர் சம்பளம் எடுக்கிற அண்டைக்கு வாங்கித் தாறவர்" என்றாள்.

வியாழக்கிழமை தீர்ப்பைக் கைப்பையில் பூட்டி வைத்துக்கொண்டு, நிலையங்களை விரலில் எண்ணி இறங்கினோம். கவுண்டரில் சங்கிலியில் கண்ணாடி தொங்கவிட்ட ஒல்லியான மனிதர். அவருக்கு ஆங்கிலமும் வந்தது. மாட்டு வியாபாரியிலிருந்து ஆரம்பித்துக் கத்தரிக்காய் வரை வந்தேன். குறுக்கிடாமல் கேட்டார். நல்ல பயிற்சி பெற்றவர்.

"அம்மையாரே, இது கியூபெக்" என்றார். "அதற்கு அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. உடற்காயத்துக்கான பொறுப்பை எவரும் கடதாசியில் கழுவிவிட முடியாது என்று எங்கள் சட்டக்கோவையில் ஒரு வரி இருக்கிறது."

ஒரு வரி. நான் நாற்பது பக்கம் சுமந்து வந்திருந்தேன்.

"ஆனால் ஒன்று," என்று கண்ணாடியை மாட்டினார். "பயணிகளுக்கு விற்ற சீட்டில் சாப்பாடும் சேர்த்தியா? உங்கள் சகோதரி சமைத்ததற்குப் பதிலாகத்தான் அந்த இருக்கையா?"

"ஆமாம்."

"அப்படியானால் அவர் வேலை செய்துகொண்டிருந்தார் என்றே ஒருவேளை கருதப்படலாம். அது இந்தக் கவுண்டர் அல்ல. வேலைக் காயங்களுக்கு வேறு அலுவலகம் இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் சிகிச்சையை அவர்களே பார்ப்பார்கள். எனக்குச் சட்ட ஆலோசனை சொல்ல அனுமதி இல்லை. கட்டடம் எங்கே என்று சொல்ல அனுமதி உண்டு. அங்கே காலக்கெடு ஆறு மாதம். எப்போது காயம் பட்டது?"

சரசு தேதியைச் சொன்னாள். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். நான் பார்க்கத் தேவைப்படவில்லை. வருகிற செவ்வாய்.

அனுமதி இல்லை, கட்டடம் எங்கே என்று சொல்லலாம். அந்த வாக்கியம் என்னுடையது. சேவைக்காலம் முழுவதும் எத்தனை பேரை அந்த வாக்கியத்தோடு வெயிலில் அனுப்பியிருப்பேன்! உலகத்தைச் சுற்றி வந்து அதை என் காதிலேயே வாங்கிக்கொண்டேன்.

படிவத்தை அன்றே வாங்கினோம். இணையத்திலும் அனுப்பலாம் என்றாள் மிதுலா. முத்திரை விழாத கடதாசியை நான் கடதாசியாகக் கணக்கெடுப்பதில்லை. பெயர், முகவரி, காயம், வைத்தியர் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைக்குள் மிதுலா நிரப்பிவிட்டாள். மூன்று பெட்டிகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. அன்று செய்த வேலை. வேலை ஆரம்பித்த நேரம். கையெழுத்து.

"செவ்வாய்க்கிழமைக்கிடையிலை யோசிப்பம்" என்றாள் சரசு.

"அம்மா, யோசிக்கிறதுக்கு ஆறு மாசம் இருந்தது" என்றாள் மிதுலா.

"நீ உன்ரை கார்டெரிப் பிள்ளையளோடை கதைக்கிற மாதிரி என்னோடை கதையாதை."

மிதுலா குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். அங்கே இதைவிடச் சொல் கேட்பார்களாம்.

சனிக்கிழமை நடேசு வந்தார். நான் வந்திருப்பது ரொரன்ரோ வரை தெரிந்திருக்கும். கையில் சுடச்சுடப் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி. சரசுவின் கை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, மற்றப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

"அக்கா, உங்களைப் போலப் படிச்ச ஆள் வந்தது எனக்குச் சந்தோசம். உங்களுக்கு விளங்கும். சரசு என்ரை கூடப்பிறவாத தங்கச்சி. இதுக்கை ஏன் கந்தோர், கோடு, வழக்கு?"

"கூடப்பிறவாத தங்கச்சிட்டைக் கடதாசி எழுதி வாங்கினனீங்கள் தம்பி."

"அது ஒரு நடைமுறைக்கு அக்கா."

"நடைமுறை எனக்கும் கொஞ்சம் தெரியும்."

அவர் ஒரு ரோலைக் கடித்துக்கொண்டு சரசு பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் வேணுமெண்டால் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறன். ஆனால் அங்கை போய் வேலைக்காரி எண்டு எழுதினால் அந்தப் பேர் உங்களுக்குத்தான். மாஸ்ரர் இருந்தால் விட்டிருப்பாரோ?"

ஆள் கெட்டிக்காரர். எந்த வழக்கறிஞரும் இதைவிடச் சுருக்கமாக வாதாடியதில்லை. சரசு தலையைக் குனிந்தாள். மேசையிலிருந்த படிவத்தை எடுத்து ரோல்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்தாள். நான் தீர்ப்பை எடுக்கக் கைப்பையைத் திறந்து, எடுக்காமலே மூடினேன். அது எனக்குப் பழக்கமில்லாத செயல்.

வென்றுவிட்டோம் என்று நினைத்த வழக்கறிஞர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இன்னுமொரு கேள்வி கேட்பார்கள்.

"பேந்து, வாற ஜூனிலை ஒரு பயணம் போடுறன்" என்றார் நடேசு. "உங்கடை கத்தரிக்காய்க் குழம்பு இல்லாமல் சனம் வராது. நாற்பது பேருக்கு என்னென்ன எவ்வளவு எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ தங்கச்சி."

"எந்தக் கையாலை எழுத, நடேசண்ணை?"

அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். "நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மிதுலாவின் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார்.

சரசு சொன்னாள். ஆரம்பத்தில் சமையல் குறிப்பு சொல்லும் குரல்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு. கத்தரிக்காயை முதல்நாள் பின்னேரம் வெட்டி உப்புத் தண்ணீரில் போட வேண்டும். தேங்காய்ப்பால் தனியே. விடிய மூன்று மணிக்கு எழும்பிக் காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சம்பல். ஐந்தரைக்கு பஸ் வர முதல் சட்டிகளைக் கட்டி வாசலில் வைக்க வேண்டும். பூங்காவில் இறங்கியதும் சனம் படம் எடுக்கப் போய்விடும். அந்த நேரத்தில் அடுப்பு மூட்ட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் சட்டி கழுவ வேண்டும், குளிர் தண்ணீரில். திரும்பும் வழியில் தேத்தண்ணி. வீட்டுக்கு வர இரவு பத்து. சொல்லச் சொல்ல அவள் குரல் மெதுவானது. தன் ஆறு வருடத்தை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நடேசு தாளின் மறுபக்கத்துக்குப் போயிருந்தார். "இவ்வளவு வேலையோ!" என்றார், உண்மையான வியப்போடு. "புதுசாச் சமைக்க வாற பிள்ளை சம்பளம் கேக்கேக்கை நான் கோவிச்சுப் போட்டன். அவள் கேட்டது சரிதான் போலை."

"சம்பளமோ? குடுக்கிறியளோ?" என்றாள் சரசு.

"குடுக்கத்தானே வேணும். சும்மா ஆர் வருவினம்?"

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. சமையலறையில் மிதுலா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டாள்.

"ஓம்" என்றாள் சரசு. "சும்மா ஆர் வருவினம்." இடது கையை நீட்டினாள். "அந்தக் கடதாசியை இஞ்சை தாங்கோ."

"தங்கச்சி, நான் வந்து..."

"தாங்கோ அண்ணை."

கொடுத்துவிட்டார். அவருடைய கையெழுத்தில், இரண்டு பக்கம், ஒரு நாள் வேலையின் முழு விபரம். என் சேவைக்காலத்தில் எதிராளி தானே எழுதிக் கையில் கொடுத்த இவ்வளவு நல்ல சான்றை நான் கோவைப்படுத்தியதில்லை. ரோல்ஸை அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆட்டிறைச்சி. நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்தில் எங்கள் இலக்கம் வர ஒரு மணித்தியாலம் சென்றது. கவுண்டரில் சுருட்டை முடிப் பெண். "போன்ஜூர்" என்றாள். படிவத்தைப் புரட்டினாள், வெறுமையான பெட்டியில் விரலை வைத்துப் பிரெஞ்சில் கேட்டாள். நான் கைப்பையைத் திறந்து மாட்டு வியாபாரியை வெளியே எடுத்தேன்.

"அதை உள்ளை வையுங்கோ அக்கா" என்றாள் சரசு.

வலது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டரின் மேல் வைத்தாள். தையல் தொழிற்சாலையில் பொறுக்கிய பிரெஞ்சில் ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு நேரம் கேட்டிருக்க வேண்டும். சரசு மூன்று விரல் காட்ட முயன்று, வலது கை ஒத்துழைக்காமல், இடது கையால் காட்டினாள். நடேசுவின் தாளைப் பின்னிணைப்பாக வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"என்னெண்டு சொன்னனி?" என்று காதுக்குள் கேட்டேன்.

"சமையல்காரி எண்டு."

கையெழுத்தை இடது கையால் போட்டாள். எழுத்துகள் தடுக்கி விழுந்தன. ஏற்றுக்கொள்வார்களா, எப்போது பதில் வரும் என்று கேட்டோம். விசாரிப்பார்கள், கடிதம் வரும் என்றாள் அந்தப் பெண். எல்லாக் கவுண்டரிலும் சொல்வதுதான். ஆனால் அவள் முத்திரையை எடுத்து மையில் ஒற்றிப் பிரதியில் குத்தினாள். சத்தம் எங்கள் ஊர் முத்திரையின் சத்தமேதான்.

பழக்கதோஷம், தேதியைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம்.

சரசு பிரதியை மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்தாள், இத்தனை மாதம் கை இருந்த இடத்தில். "வாங்கோ அக்கா, கெதியா நடவுங்கோ" என்றாள். "மிதுலா இண்டைக்கும் புட்டு அவிக்கப் போறாளாம். அவள் தண்ணியை ஊத்த முதல் நான் வீட்டை நிக்கோணும்."